கரைச்சல் குறைஞ்சிருக்கோ?

"கரைச்சல் குறைஞ்சிருக்கோ?"

மாதத்தில் ஒருநாள் வந்துபோகும் அந்த டொக்டர் என் தம்பியைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி இதுதான். தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாவைப் பார்த்துத்தான் கேட்பார். "ஓம் டொக்டர், குறைஞ்சிருக்கு" என்று அம்மா சொன்னால் குளிசை, அதுதான் மாத்திரை, அப்படியே தொடரும். "இல்லை டொக்டர், போன கிழமையும் கத்தினவன்" என்று சொன்னால் குளிசை கூடும். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று அளக்க அவர்களிடம் இருந்த கோல் அவ்வளவுதான். யாருக்குக் கரைச்சல், என்ன தொல்லை, ஏன் கத்துகிறான் என்று கேட்க அந்த மனிதருக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி என்னைவிட நாலு வயது இளையவன். பிறந்து வெகுகாலம் கழித்துத்தான் நடந்தான். சொற்கள் கொஞ்சம்தான் வந்தன. அக்கா, சோறு, தண்ணி, பண்டி. 'பன்றி' என்று எழுதிப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் வாயில் அது பண்டிதான். பள்ளிக்கூடத்தில் அவனைக் கொஞ்ச நாள் மூலையில் இருத்தி வைத்துப் பார்த்துவிட்டு, "உவன் படிக்கமாட்டான், வீட்டிலை வைச்சிருங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடம்பு மட்டும் அப்பாவைப்போல நெடுநெடுவென்று வளர்ந்தது. குரலும் வளர்ந்தது. அம்மாடி, என்ன குரல் அது!

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சியில் காடு வெட்டி வயலாக்கியவர். எங்கள் வயல் காட்டோரம். கதிர் பால்பிடிக்கத் தொடங்கினால் பொழுதுபடும் நேரத்தில் பன்றி இறங்கும். சீனவெடி கொளுத்த முடியாது. அந்தச் சண்டைக் காலத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் ஊர்ச்சனம் முழுதும் பங்கருக்குள் இருக்கும். டோர்ச் அடிக்கலாமென்றால் பற்றறியை ஆமி வன்னிக்குள் வரவே விடுவதில்லை. தகரம் தட்டிப் பார்த்தோம், கொஞ்ச நாளில் பன்றிக்கு அது பழகிவிட்டது. தம்பியின் குரல்தான் கடைசிவரை பழகவில்லை. சூரியன் காட்டுக்குள் இறங்கியதும் அவன் காவல் கொட்டிலை விட்டு வெளியே வந்து வரம்பில் நிற்பான். அடிவயிற்றிலிருந்து எழுப்புவான் ஒரு சத்தம், "ஹோஓஓஓய்" என்று. பன்றி விழுந்தடித்துக்கொண்டு ஓடும். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பண்டி!" என்று சொல்லிச் சிரிப்பான்.

பக்கத்து வயல்காரரெல்லாம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். "உன்ரை பெடியன் நிக்குமட்டும் எங்களுக்கு என்ன பயம்" என்று அப்பாவிடம் சொல்வார்கள். அருவி வெட்டி அறுவடை முடிந்ததும் ஆளுக்கொரு சிறு சாக்கில் புதுநெல்லைக் கட்டிக்கொண்டு வந்து, அப்பாவிடம் கொடுக்காமல் அவனுடைய கையில் கொடுப்பார்கள். அவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றி நடப்பான். அந்த நடையைப் பார்க்கவேண்டும் நீங்கள், ஊர் விதானையார் தோற்றுப்போவார்.

அவன் ஒன்றும் சாமிப்பிள்ளை இல்லை. சோறு பிந்தினால் தன் கையைத் தானே கடிப்பான். காதுக்குள் குத்து வந்தால் என் தலைமயிரைப் பிடித்து இழுப்பான். புதுச் சேட்டுப் போட்டுவிட்டால் கிழித்து எறிவான். ஆனால் எது எதற்காக என்று எங்களுக்குத் தெரியும். கையைக் கடித்தால் சோற்றைக் கொடுப்போம், மயிரைப் பிடித்தால் காதுக்கு எண்ணெய் காய்ச்சுவோம். கரைச்சல் என்ற சொல்லை அந்த வீட்டில் நான் கேட்டதில்லை.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சி ஆமியிடம் போனது. ஷெல்லுக்கு நடுவில் கையில் அகப்பட்டதை மிசினில் ஏற்றிக்கொண்டு ஸ்கந்தபுரத்துக்கு ஓடினோம். மிசின் என்று நாங்கள் சொல்வது உழவு இயந்திரத்தை. அங்கே ஒரு தென்னங்காணிக்குள் நிறையக் குடும்பங்கள். கிடுகும் தறப்பாளுமாகக் கொட்டில்கள். அடுத்த கொட்டிலில் ஒருவர் தும்மினால் எங்கள் விளக்கு அணைந்துவிடும், அவ்வளவு நெருக்கம்.

போன முதல் நாளே பொழுதுபட்டது. தம்பி எழுந்து காணியின் எல்லைக்குப் போனான். வேலிக்கு அப்பால் பற்றைக்காடு தெரிந்தது. வேறென்ன வேண்டும் அவனுக்கு? "ஹோஓஓஓய்" என்று எழுப்பினான்.

ஐயோ, அந்தச் சனம் பட்ட பாடு. பிளேன் வருகிறதென்று நினைத்து எல்லோரும் பங்கரைத் தேடி ஓடினார்கள். அடுப்பில் இருந்த கஞ்சி கவிழ்ந்தது. ஒரு பிள்ளைத்தாய்ச்சி தடக்கி விழுந்தாள். பிளேனும் இல்லை கிளேனும் இல்லை என்று தெரிந்ததும், ஒருவர் வந்து தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"அண்ணை, அடிக்காதேங்கோ! அவன் பண்டி கலைக்கிறான்" என்று நான் குறுக்கே போய் விழுந்தேன்.

"இஞ்சை எங்கை பிள்ளை பண்டி? எங்களைத்தான் பண்டியெண்டு நினைச்சவனோ?"

பயந்து ஓடிய சனமெல்லாம் அதைக் கேட்டுச் சிரித்தது. தம்பியும் சிரித்தான். அவனுக்கு அது பாராட்டு மாதிரிக் கேட்டிருக்கும்.

அடுத்த நாளும் பொழுதுபடும்தானே. அவனும் போவான்தானே. பன்றி வயலோடு போய்விட்டது, இனிக் காவல் இல்லை என்று அவனுக்கு யார் சொல்லி விளங்கவைப்பது? அப்பா கையைப் பிடித்து இழுத்துவந்தார். அம்மா வாயைப் பொத்தினார். காணியில் இருந்தவர்கள் மட்டையால் அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டே கத்தினான். அவன் கத்தாவிட்டால் எங்கள் கதிரெல்லாம் போய்விடும் என்று அவன் நினைத்தான், எனக்கு அது சத்தியமாகத் தெரியும்.

முகாமைப் பார்த்துக்கொண்ட மாஸ்ரர் ஒருவர் இருந்தார். கைகட்டி நின்று மரியாதையாகக் கதைக்கிற மனிதர். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் நான் பயப்படுவது. "தங்கச்சி, கோவிக்காதேங்கோ" என்று அம்மாவிடம் வந்தார். "சனம் என்னைக் குடையுது. ஒண்டில் பெடியனுக்கு மருந்து எடுங்கோ. இல்லாட்டி வேறை இடம் பாருங்கோ."

மாரி தொடங்கப்போகிறது. வேறு இடம் என்றால் மரத்தடிதான். எங்களுக்கு ஒரு கூரை வேண்டுமென்றால் அவனுடைய சத்தம் அடங்கவேண்டும். விசயம் அவ்வளவு சுருக்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியும் எங்களைப்போலவே இடம்பெயர்ந்து கொட்டிலுக்குள் வந்திருந்தது. டொக்டருக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, வாசலில் ஒரு பெரும் சனம். அம்மா அழுதுகொண்டே, "கத்துறான் டொக்டர், சனத்திட்டை அடி வாங்கிறான், எங்களை இடத்தை விட்டு எழுப்பப்போகினம்" என்றார்.

நான் சொன்னேன். "டொக்டர், அவன் எந்த நேரமும் கத்துறேல்லை. பொழுதுபடேக்கை மட்டும்தான். வயல் காவலுக்குப் பழகினவன். அந்த நேரத்திலை அவனை வேறை பக்கம் கூட்டிக்கொண்டு போனால்…"

"பிள்ளை, நீர் என்ன படிச்சனீர்?"

"பள்ளிக்கூடத்திலை ஓ எல் மட்டும்."

"அப்ப பேசாமல் இரும். அம்மா சொல்லட்டும்."

துண்டில் ஏதோ கிறுக்கினார். வெள்ளைக் குளிசை. காலை, மாலை. அடுத்த மாதம் வரச்சொன்னார்.

அந்த டொக்டரும் பாவம்தானே, எத்தனை சனத்தை ஒரு ஆளாகப் பார்ப்பது என்று என்னிடம் நியாயம் கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சரி, பாவம்தான். பாவப்பட்ட மனிதருக்கும் முகத்தில் இரண்டு கண் இருந்ததே.

முதல் மாதம் தம்பி தூங்கி வழிந்தான். ஆனாலும் பொழுதுபட்டால் ஊர்ந்தாவது வேலிக்குப் போவான். பழைய சத்தத்தில் பாதிதான் வரும். அதற்குள் காணியில் இருந்தவர்கள் எல்லோரும் அரை டொக்டராகிவிட்டார்கள். கிணற்றடியில் அம்மாவைக் கண்டால், "நேற்றும் கத்தினவன் அக்கா, காணாது, குளிசையைக் கூட்டச் சொல்லுங்கோ" என்பார்கள். நாய் ஊளையிட்டாலும் தம்பியின் கணக்கில்தான். கசிப்புக் குடித்துவிட்டு ஒருவர் மனைவியோடு சண்டைபிடித்த சத்தமும் அவனுடைய கணக்கில்தான். கிளினிக்குக்குப் போகும் நாள் காலையில் மாஸ்ரர் சொல்லிவைத்தது மாதிரிக் கொட்டில் வாசலுக்கு வந்து, "டொக்டரிட்டை ஒளிக்காமல் சொல்லுங்கோ தங்கச்சி" என்பார். அம்மா ஒளிக்கவில்லை. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். குளிசை கூடியது. பிறகும் கூடியது.

ஒருநாள் பொழுதுபட்டது, தம்பி எழும்பவில்லை.

காணியே கொண்டாடியது. "இப்ப நல்ல பிள்ளை" என்று வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாஸ்ரர் ஒரு மாறிபிஸ்கற் பெட்டி கொண்டுவந்து அவனுடைய மடியில் வைத்தார். கன்னத்தில் அறைந்தவர்கூட, "பாத்தியளோ, மருந்து மருந்துதான்" என்றார். அவனோ பெட்டியைத் திறக்கவும் தெரியாமல் வைத்துக்கொண்டு இருந்தான். கை மரக்கட்டைபோல ஆகிவிட்டது. சோற்றை அள்ளினால் வாய்க்குப் போவதற்குள் பாதி கொட்டும். வாயிலிருந்து வீணி வடிந்து சேட்டை நனைத்தது. கிழிக்காமல் புதுச் சேட்டுப் போட்டிருந்தான், அதையும் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். காலை இழுத்து இழுத்து நடந்தான். இருபத்தைந்து வயதுகூட ஆகாத பிள்ளை.

அவன் என்னை அக்கா என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. அதை எந்தக் கோலால் அளப்பது? கத்தல் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அக்கா குறைந்தால் என்ன அர்த்தம்? கிளினிக்கில் ஒருமுறை வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைக் கிள்ளினார். "சும்மா இரடி, கூரை போயிடும்" என்று காதுக்குள் சொன்னார். அம்மாவுக்கும் தெரியும், இல்லாமலில்லை. பிள்ளையையும் கூரையையும் ஒரு தராசில் வைக்கச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் கை நடுங்காது?

ஒரு வருடத்துக்குமேல் போயிருக்கும். அவனுடைய வாய் தானாக அசையத் தொடங்கியது. உள்ளே ஒன்றும் இல்லாமலே மென்றுகொண்டிருப்பான். உதடு குவியும், விரியும். நாக்கு வெளியே வந்து உள்ளே போகும். தூக்கத்தில் மட்டும்தான் நிற்கும். நான் பயந்துபோனேன். அம்மா பயப்படவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மாளாச்சியின்ரை பேரைச் சொல்லுறான் பிள்ளை" என்றார்.

அவன் அடங்கவேண்டும் என்று அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். அந்த வைகாசிப் பொங்கலுக்கு மிசின் பெட்டியில் ஏறி, புழுதி குடித்துக்கொண்டு போனோம். கோயில் வீதியில் சனம் மண் தெரியாமல் நின்றது. அவ்வளவு சனத்துக்கும் பறைச்சத்தத்துக்கும் நடுவில் தம்பி அசையாமல் இருந்து வாயை மென்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். அம்மா கதையைச் சொன்னார். முன்பு எப்படிக் கத்தினவன், இப்போது எப்படி வாய்க்குள்ளேயே செபிக்கிறான் என்று. ஒருத்தி அவனுடைய நெற்றியில் திருநீறு பூசினாள். இன்னொருத்தி குழந்தையைக் கொண்டுவந்து அவனுடைய மடியில் வைத்து எடுத்தாள். அம்மா விம்மி விம்மி அழுதார். வாழ்க்கையில் அம்மா அவ்வளவு சந்தோசமாக அழுததை நான் அதற்கு முன்போ பின்போ காணவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டால் மருந்தின் வெற்றி, கோயிலில் கேட்டால் அம்மாளாச்சியின் புதுமை. இரண்டு இடத்திலும் சாட்சி ஒன்றுதான், அவன் கத்தவில்லை. அவன் தண்ணீர் கேட்டுக் கூட வாய் திறக்கவில்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பெரும் சனத்துக்குள் அவனுடைய வீணியைத் துடைத்தபடி இருந்தேன்.

அந்த வருடம் அப்பாவுக்கு ஸ்கந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வயல் குத்தகைக்குக் கிடைத்தது. எங்களுடைய பழைய வயல் மிதிவெடிக்குள் கிடந்தது. மாரிமழையை நம்பிக் காலபோகம் விதைத்தோம். மழை நன்றாகப் பெய்தது. கதிர் தள்ளியதும் அப்பாவின் முகத்தில் பழைய களை வந்தது. இந்த நெல் வீட்டுக்கு வந்தால் தென்னங்காணியை விட்டு வயலோரம் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு போய்விடலாம், பிறகு எந்த மாஸ்ரரும் வந்து வாசலில் கைகட்டி நிற்கமாட்டார்.

பால்பிடிக்கும் நேரம் பன்றி இறங்கியது. அப்பா தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் கண்டவரிடமெல்லாம், "என்ரை துரை வாறான், இனிப் பண்டி கிட்டவும் வராது" என்று சொல்லிக்கொண்டு போனார். நானும் அம்மாவும் சோற்றுப் பார்சலோடு பின்னால் போனோம். அப்பா அவனை வரம்பில் நிறுத்தினார். சூரியன் இறங்கியது. பற்றைக்குள்ளிருந்து உறுமல் கேட்டது. ஒன்று, பிறகு குட்டிகளோடு இன்னொன்று, வயலுக்குள் வந்தன.

"தம்பி, பண்டி!" என்றார் அப்பா.

தம்பி வாயை மென்றுகொண்டு நின்றான்.

"பண்டியடா! கத்து ராசா… கத்தன்!"

அப்பா தோளைப் பிடித்து உலுப்பினார். "ஹோய் எண்டு சொல்லு. முந்திச் சொல்லுவியே. சொல்லன்ரா!" என்று கெஞ்சினார். தம்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கண் ஒரு கணம் விரிந்ததுபோல எனக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. அப்பா கையை ஓங்கி அவனுடைய முதுகில் அடித்தார். திரும்பவும் அடித்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கத்தினதுக்கும் அடி, கத்தாததுக்கும் அடியோ? உங்களுக்கு என்ன விசரா அப்பா?"

அப்பா அப்படியே வரம்பில் குந்தி இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பன்றிகள் எங்களைப் பொருட்படுத்தவே இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு அப்பாதான் வந்தார். அதுவரை ஒருநாளும் வராதவர். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார். டொக்டர் நிமிராமலே கேட்டார்.

"கரைச்சல் குறைஞ்சிருக்கோ?"

"இல்லை டொக்டர். கூடிப்போச்சு."

டொக்டர் பேனையை எடுத்தார். "என்ன, திரும்பக் கத்தத் தொடங்கிட்டானோ?"

"கத்துறானில்லை டொக்டர். அதுதான் கரைச்சல்."

மருந்து கொடுக்கும் பிள்ளை பக்கத்தில் நின்று சிரித்துவிட்டாள். டொக்டரும் சிரித்தார். "உங்கடை ஆக்களுக்கு என்னதான் வேணும்? கத்தினாலும் குற்றம், கத்தாட்டியும் குற்றம்."

"உந்த வாயைப் பாருங்கோ" என்றார் அப்பா. "ஒருக்கால் நிமிந்து பாருங்கோ டொக்டர்."

டொக்டர் நிமிர்ந்தார். தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எழுந்து வந்து அவனுடைய தாடையைப் பிடித்துப் பார்த்தார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"இது மருந்தாலை வாறது" என்றார் மெதுவாக.

"நிப்பாட்டினால் நிக்குமோ?"

"சில பேருக்கு நிக்கும். சில பேருக்கு நிக்காது."

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் பாக்கேல்லை?" என்று நான் கேட்டேன். அடக்கமுடியவில்லை, சத்தமாகத்தான் கேட்டேன். வாசலில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

"நீங்கள் ஒருத்தரும் சொல்லேல்லையே பிள்ளை" என்றார்.

நாங்கள் சொல்லவில்லையாம்! வாயைத் திறந்தால் என்ன படித்தாய் என்று கேட்ட அதே மனிதர். மேசையைத் தூக்கிக் கவிழ்க்கவேண்டும்போல இருந்தது. அப்பா என் தோளில் கையை வைத்து வெளியே கூட்டிவந்தார்.

குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பன்றி தின்றது போக வந்த நெல்லில் வயலோரம் ஒரு சின்னக் கொட்டிலும் போட்டோம். மாதங்கள் போகப் போகக் கை இளகியது. தானே சோறு அள்ளித் தின்றான். ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்று, "அக்கா, சோறு" என்றான். கரண்டியைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வாய் மட்டும் நிற்கவில்லை. மென்றுகொண்டேதான் இருந்தது. குரல் வந்துவிட்டது, சிரிப்பு வந்துவிட்டது, இனி அந்தச் சத்தமும் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம்.

அடுத்த காலபோகத்தில் நானும் அவனும் பொழுதுபடும் நேரம் வரம்பில் இருந்தோம். பன்றி இறங்கியது. அவன் கண்டுவிட்டான், எனக்குத் தெரியும். "பண்டி" என்று முணுமுணுத்தான். ஆனால் எழும்பவில்லை. சரி, நான் தொடங்கி வைத்தால் அவனும் சேருவான் என்று நினைத்து எழுந்து நின்று, என்னால் முடிந்தமட்டும், "ஹோஓஓய்" என்று கத்தினேன்.

தம்பி பதறி எழுந்தான். யாரும் வருகிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் பெரிய உள்ளங்கையால் என் வாயை இறுக்கிப் பொத்தினான். அவனுடைய வாய் அசைந்துகொண்டிருந்தது.

"அக்கா" என்றான், என் காதுக்குள். "குளிசை."

அந்தச் சொல்லை அவன் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கையை எடுக்கவேயில்லை அவன். நானும் விலக்கவில்லை. பன்றிகள் அன்று வரம்போரக் கதிர் முழுவதையும் தின்றுவிட்டுத்தான் போயின.